எல்லாரும் ஒரே மாதத்தில் ஒரே நாவலை வாசித்தாக வேண்டுமா?

கோத்தகிரி வாசகன்

நாவல் வாசிப்பதில் எனக்குச் சலிப்பு வந்துவிடவில்லை. நாவலைப் பற்றி முன்கூட்டியே கேட்டுக் கேட்டுத்தான் சலித்துவிட்டது. நூல் அச்சுக்குப் போவதற்கு முன்பே அதன் அட்டைப்படம் பகிரப்படுகிறது, அடுத்த வாரம் முன்பதிவு தொடங்குகிறது, முன்பதிவு செய்தோருக்கு ஆசிரியர் கையொப்பமிட்ட பிரதி என்கிறார்கள், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குள் நுழைந்தால் அதே அட்டை ஆளுயரப் பதாகையாகத் தொங்குகிறது. மலையைவிட்டு இறங்காமல், கைப்பேசியைப் பார்த்தபடியே, கதையில் பாதியையும் அதைப் பற்றி நாம் கொள்ள வேண்டிய கருத்து முழுவதையும் தெரிந்துகொண்டு விடுகிறோம். அதன் பிறகு புத்தகத்தைத் திறந்தால், நாவலை வாசிக்கிறேனா, பிறர் சொன்னது சரிதானா என்று ஒத்துப்பார்க்கிறேனா என்பதே எனக்கு விளங்குவதில்லை.

எங்கள் ஊரில் மாதந்தோறும் கூடுகிற சிறிய வாசகர் வட்டத்துக்கு நூல் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இந்த ஆண்டு என்னிடம் வந்திருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் யாராவது ஒருவர் அந்த மாதத்தில் பேசப்படும் நாவலின் பெயரைச் சொல்ல, 'அதை இன்னுமா வாசிக்கவில்லை' என்று இன்னொருவர் வியக்க, வியப்புக்கு ஆளானவர் வெட்கப்பட்டு அதையே வழிமொழிய, தேர்வு முடிந்துவிடுகிறது. மறுமாதம் அந்த நாவலை முழுதாக வாசித்துவிட்டு வருபவர்கள் பாதிப்பேர்கூட இல்லை. ஆனால் அதைப் பற்றிப் பேச எல்லாருக்கும் ஏதோ இருக்கிறது.

அலை ஒவ்வொன்றும் ஒரு நல்ல நாவலோடுதான் தொடங்குகிறது என்பதை நான் மறுக்கவில்லை. தொல்லையெல்லாம் அதன் பின்னால் வரிசை கட்டி வருகிற பத்து நாவல்களால்தான். மார்க்வெஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' ஸ்பானிய மொழியில் 1967இல் வெளிவந்தது; தமிழில் 2013இல்தான் வந்து சேர்ந்தது. அதைப் போலச் செய்து பார்த்தவையோ தொண்ணூறுகளிலேயே இங்கே எழுதப்பட்டு, கொண்டாடப்பட்டு, ஓய்ந்தும் போயிருந்தன. மூலம் வீட்டுக்கு வருவதற்குள் நகல்களை வாசித்தே அலுத்துப்போன வாசகர்களாக நாம் இருந்தோம். இப்போது சோழ இளவரசர்களின் முறை. 2022இலும் 2023இலும் 'பொன்னியின் செல்வன்' திரைப்படமாக வந்தபின் புத்தகக் கடையின் முன்வரிசையில் வாளும் குதிரையும் இல்லாத அட்டையைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே வட்டத்துக்கு ஒரு விதியை முன்வைக்க எண்ணுகிறேன். வெளிவந்து மூன்று ஆண்டுகள் ஆகாத எந்த நாவலையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னும் ஒருவர் அதை நினைவில் வைத்திருந்து பரிந்துரைப்பாரானால் அப்போது வாசிக்கலாம். மற்ற மலையூர்களிலும் வாசகர் வட்டம் நடத்துகிறவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்: இது சரிப்படுமா?

உதகை இளவேனில்

ஐயா, நீங்கள் குறை சொல்லும் அந்த அலை இல்லையென்றால் நான் தமிழ் நாவல் பக்கமே வந்திருக்க மாட்டேன். எங்கள் வீட்டில் பஞ்சாங்கத்தையும் பாடநூலையும் தவிர வேறு அச்சுத்தாள் கிடையாது. 2022 செப்டம்பர் இறுதியில் படம் வந்தது. அக்டோபரில் எங்கள் கல்லூரி விடுதிக்குள் ஐந்து பாகங்களும் கொண்ட ஒரே ஒரு தொகுப்பு வந்தது. அது யாருடையது என்பது கடைசிவரை தெரியவில்லை. முதல் பாகம் ஓர் அறையிலும் மூன்றாம் பாகம் வேறோர் அறையிலும் இருக்க, இரண்டாம் பாகத்தை முடித்தவள் மூன்றாம் பாகத்தை வைத்திருப்பவளின் கட்டிலருகே காவல் நிற்பாள். நந்தினியின் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று உணவுக்கூடத்தில் நாங்கள் போட்ட சண்டையைப் போல ஒரு சண்டையைப் பாடநூல் எதுவும் எங்களுக்குள் மூட்டியதில்லை. அங்கிருந்துதான் நான் மற்ற நாவல்களுக்குப் போனேன். ஆரவாரம் இல்லாமல் நல்ல நூல்கள் தாமாக வந்து சேரும் என்று சொல்கிறவர்களின் வீட்டில் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு புத்தக அலமாரி இருந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் தொடங்கி 1954 மே வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்தபோது அது மட்டும் ஆரவாரம் இல்லாமலா வந்தது? ஓவியர் மணியத்தின் படங்களும், இதழ் வரும் நாளுக்காகக் காத்திருந்த கூட்டமும் இன்றைய விளம்பரத்துக்கு எந்த வகையில் குறைந்தவை? நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' வந்த பிறகு பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைத்தவர்கள் எத்தனையோ பேர் என்று என் தமிழாசிரியர் சொல்வார். அக்காலத்து ஆரவாரம் இலக்கிய ஆர்வம், இக்காலத்து ஆரவாரம் வெறும் வியாபாரம் என்று பிரிப்பது எப்படி நியாயமாகும்?

குன்னூர் நூலகர் (ஓய்வு)

இளவேனில் கேட்டிருப்பது நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்லும் அளவுக்கு இரண்டு காலத்தையும் நூலக மேசைக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன்.

தொடர்கதைக் காலத்தில் வாரந்தோறும் இதழிலிருந்து பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, கதை முடிந்ததும் காலிகோத் துணி ஒட்டிப் பைண்டு செய்து வைப்பார்கள். அத்தகைய பைண்டுகளை, வீட்டுப் பெரியவர் காலமான பிறகு, பிள்ளைகள் நூலகத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பதுண்டு. கதைப் பக்கத்தின் மறுபுறத்தில் பாதி அறுபட்ட நகைச்சுவைத் துணுக்கும் தலைவலித் தைலத்தின் விளம்பரமும் இருக்கும். ஓரங்களில் 'அடுத்த வாரம் என்ன ஆகுமோ' என்று பென்சிலில் எழுதியிருப்பதையும் கண்டிருக்கிறேன். அந்தப் பரபரப்பு வாசித்தவர்களுக்குள் எழுந்தது. முந்தைய வாரத்து அத்தியாயத்தைப் படித்தவர்தான் அடுத்த வாரத்துக்காகத் தவிக்க முடியும். கதை தொய்ந்தால் தவிப்பும் தொய்ந்துவிடும், ஆசிரியருக்குக் கடிதமும் வந்துவிடும். இன்று எழுப்பப்படுகிற பேச்சு, ஒருவரும் ஒரு பக்கம்கூடப் படிக்காத நிலையில், நூல் இன்னும் கணினியில் இருக்கும்போதே தொடங்குகிறது. வாசித்தபின் எழும் பேச்சையும் வாசிக்குமுன் எழுப்பப்படும் பேச்சையும் ஒன்றாக வைத்து எண்ண என்னால் முடியவில்லை. உங்கள் விடுதியில் நடந்தது முதல் வகை, அம்மா. படத்தைக் காட்டி உள்ளே அழைத்தார்கள் என்பது உண்மையே. ஆனால் கட்டிலருகே காவல் நின்றதற்குக் காரணம் கல்கி.

நூலகத்தில் இருந்தவனுக்கு இதை அளந்து பார்க்க ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு நூலின் பின்னட்டையின் உட்புறத்திலும் திருப்பித் தர வேண்டிய தேதியை முத்திரையிடும் தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். பெரிதாகப் பேசப்பட்ட நாவலை எடுத்துப் பார்த்தால் முதலாண்டில் முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஊதா மை கலங்கிப்போய், நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். இரண்டாம் ஆண்டில் இடைவெளிவிட்டு நாலைந்து. அதற்குக் கீழே தாள் வெள்ளையாக இருக்கும். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யின் தாள் வேறு மாதிரி. ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ முத்திரைதான், ஆனால் விட்டுப்போன ஆண்டு என்று ஒன்றில்லை. மலையில் ஆனி, ஆடி மழைக்குப் புத்தகங்களில் பூஞ்சை பிடிக்கும். எடுக்கப்படாத நூலைத்தான் அது முதலில் பிடிக்கும். துடைத்து வெயிலில் வைக்கும் நூல்களில் நேற்றைய பரபரப்பு எது என்று அட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கோத்தகிரியார் சொல்லும் மூன்றாண்டு விதி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பழையது என்பதற்காகவே ஒன்றும் நல்லதாகிவிடாது, இன்று தோன்றியது என்பதற்காகவே ஒன்றும் தீயதாகிவிடாது என்று உமாபதி சிவாசாரியார் ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே தம் நூலின் அவையடக்கத்தில் எழுதிவைத்திருப்பதையும் நினைவூட்டிவிடுகிறேன். அவரும் அப்போது புதிய நூல் எழுதியவர்தான். தம்முடைய புத்தகத்துக்காக வாதாட வேண்டியிருந்திருக்கிறது.

பண்ணைக்காட்டுக் காப்பித்தோட்டக்காரன்

எங்கள் பழனி மலைப் பக்கத்துச் செய்தி ஒன்று. 1991இல் வந்த 'குணா' படம் அந்நாளில் பெரிய வெற்றியைப் பெறவில்லை. அது எடுக்கப்பட்ட குகைக்குப் படத்தின் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 2024 பிப்ரவரியில் அதே குகையைக் களமாகக் கொண்ட மலையாளப் படம் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்ததும் கொடைக்கானலுக்குள் வண்டி நுழைய வழியில்லாதபடி கூட்டம் சேர்ந்தது. அதே ஆண்டு மே மாதம் 7ஆம் தேதி முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணையவழி அனுமதிச் சீட்டு நடைமுறைக்கு வந்தது. வந்தவர்கள் வேலிக்கு இப்பால் நின்று படம் எடுத்துக்கொண்டு, பள்ளத்தாக்கை மூடியிருந்த மேகத்தைப் பார்த்து 'இவ்வளவுதானா' என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்த மேகம் விலக எவ்வளவு நேரமாகும் என்று யாரும் கேட்கவில்லை.

நாவல்களுக்கு இ-பாஸ் போட முடியாது என்பதால் மூன்றாண்டு விதிக்கு என் ஆதரவு. எனக்கு இதில் கூடுதலாக ஒரு வசதியும் உண்டு: மூன்றாண்டு கழித்துக் கேட்டால் அந்தப் புத்தகத்தை வாங்கியவர்கள் இலவசமாகவே கொடுத்துவிடுகிறார்கள். சில பிரதிகளில் பக்கங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கூடலூர்ச் செல்வி

வாளும் குதிரையும் பற்றிப் பேசிவிட்டீர்கள். இப்போது எழுந்துகொண்டிருக்கும் அலை நம்மைப் பற்றியது என்பதை இங்கே யாரும் சொல்லாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. மலை நாவல்! சமவெளியிலிருந்து வந்து ஒரு விடுதியில் தங்கி எழுதிக்கொண்டுபோன நாவல்களை வரிசையாக வாசித்துவிட்டுச் சொல்கிறேன்: முதல் அத்தியாயத்தில் மூடுபனி, மூன்றாம் அத்தியாயத்தில் சிறுத்தை, நடுவில் பாழடைந்த பங்களாவும் அதில் நடமாடும் துரைசாணியின் ஆவியும், முடிவில் பழமொழிகளாக மட்டுமே பேசும் பழங்குடி முதியவர் ஒருவர். அவருக்குப் பசிப்பதில்லை, பல் வலிப்பதில்லை, ரேஷன் கடையில் வரிசையில் நிற்பதில்லை. ஒரு வரலாற்று நாவலில் எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய படைவீரர்கள் நீலகிரி மலையேறிக் கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) நிழலில் இளைப்பாறுகிறார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து அந்த மரத்தை ஆங்கிலேயர் கொண்டுவந்தது 19ஆம் நூற்றாண்டில். தேயிலையும் அதே நூற்றாண்டில்தான் இம்மலைக்கு வந்தது. சோலையும் புல்வெளியும் இருந்த இடத்தில் இவை இரண்டும் ஏறிய கதைதான் நீலகிரியின் கதை. அதைத் தெரிந்துகொள்ளாமல் தேயிலைத் தோட்டத்தைத் 'தொன்மையான பசுமை' என்று எழுதுகிற நாவலை 'மண் வாசனை மிக்கது' என்று பாராட்டுகிறார்கள். எந்த மண்?

வேலையைப் பற்றி எழுதும் இடத்துக்கு வந்தால் இன்னும் மோசம். நாவலில் வரும் பெண்கள் இன்றும் விரல் நுனியால் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக்கொண்டு, பாடிக்கொண்டு இருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் கத்தரி வைத்து வெட்டுகிறோம். மாலைக்குள் தோள்பட்டை இறங்கிவிடும், பாட்டு வராது. எடை போடும் இடத்தில் நடப்பதை ஒரு நாவலாசிரியர் நின்று பார்த்திருந்தால் அவருக்கு மூடுபனி தேவைப்பட்டிருக்காது. மழை நாளில் இலை ஈரமாக இருக்கிறது என்று இத்தனை கிலோ, சாக்குக்கு என்று இத்தனை கிலோ கழிப்பார்கள். தராசு முள்ளைப் பார்க்கிற பெண்ணின் முகமும், அந்த முகத்தைப் பார்க்காமல் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறவரின் முகமும் போதும், ஓர் அத்தியாயத்துக்கு.

என் பாட்டி இலங்கைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் அனுப்பப்பட்ட குடும்பங்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே இங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் 1968 முதல் உருவாக்கப்பட்டன. கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருப்பவர்களில் எத்தனையோ பேருக்கு இது வீட்டுக் கதை. இலங்கை மலையகத்தைப் பற்றி வாழ்நாள் முழுவதும் எழுதிய தெளிவத்தை ஜோசப்பைத் தமிழ்நாட்டு வாசகர்களில் பலர் 2013இல் அவருக்கு விஷ்ணுபுரம் விருது கிடைத்தபோதுதான் அறிந்தார்கள்.

அலையை நம்பாமல் எழுதப்பட்ட மலை நாவல் இல்லாமல் இல்லை. ராஜம் கிருஷ்ணன் இம்மலையில் வாழ்ந்து, படுகர் வீடுகளுக்குப் போய்ப் பழகி எழுதிய 'குறிஞ்சித் தேன்' 1963இல் வந்தது. தினையும் சாமையும் விளைந்த நிலத்துக்குள் பணப்பயிரும் மின் திட்டமும் நுழைந்தபோது ஒரு குடும்பத்துக்குள் அண்ணன் தம்பிக்கு நடுவே என்ன முறிந்தது என்பதை அதில் காணலாம். வெளியாள் மலையைப் பற்றி எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ராஜம் கிருஷ்ணனும் முசிறியில் பிறந்தவர்தான். வந்தவர் எவ்வளவு காலம் இருந்தார், யாருடைய அடுப்படிவரை போனார் என்பதுதான் என் கேள்வி.

ஆனாலும் இளவேனில் தங்கையின் பக்கம் சேர்க்க வேண்டிய சான்று ஒன்று என்னிடம் இருக்கிறது. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் 1969இல் எழுதிய நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று 2007இல் தமிழுக்கு வந்தது. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளுக்குள் அது வந்தது 2013இல், பாலாவின் 'பரதேசி' வெளியான பிறகு. படத்தைப் பார்த்துவிட்டு அழுத என் சித்தப்பா, கதை புத்தகமாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு, எழுத்துக்கூட்டி வாசிக்கிற பழக்கத்தோடு அதை முழுதும் வாசித்தார். கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்க்கும் பக்கங்களில் தம் கொள்ளுப்பாட்டனின் ஊர்ப்பெயரை ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறார். அந்தப் படத்தின் ஆரவாரம் வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்?

கொடைக்கானல் மெய்ப்புத்திருத்துநர்

சென்னையில் பதிப்புத் தொழிலில் நீண்ட காலம் இருந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தவன் என்ற முறையில், ஆரவாரம் எப்படித் தயாராகிறது என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

முன்பு தமிழில் ஒரு நாவலின் முதற்பதிப்பு என்றால் 1,000 அல்லது 1,200 பிரதிகள். அவ்வளவையும் அச்சடித்து, கட்டி, கிடங்கில் அடுக்கி, விற்றுத் தீர்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அதனால் அட்டையில் 'மூன்றாம் பதிப்பு' என்று கண்டால் அதற்கு ஒரு பொருள் இருந்தது. இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்துவிட்டது. நூறு பிரதியோ ஐம்பது பிரதியோ அடித்துக்கொள்ளலாம். தீர்ந்தால் மறுநாள் மறுபடியும் அடிக்கலாம். நல்ல வசதிதான், கடன் வாங்கிக் கிடங்கை நிரப்ப வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு ஐம்பதையும் ஒரு பதிப்பாக எண்ணினால் ஒரே மாதத்தில் 'ஐந்தாம் பதிப்பு' என்று பதாகை வைக்க முடியும், அதில் சட்டப்படி பொய் ஏதும் இல்லை. நூலின் பதிப்பு விவரப் பக்கத்தில் பிரதிகளின் எண்ணிக்கையை அச்சிடும் பழைய வழக்கம் இருந்தவரை வாசகர் இதைச் சரிபார்க்க முடிந்தது. இப்போது பல நூல்களில் அந்த வரி இல்லை.

இதற்குப் பதிப்பாளரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் நூல் மதிப்புரைக்கு இருந்த இடம் சுருங்கிப்போனது. நூலகங்களுக்காக அரசு நூல் வாங்கும் ஆணையை நம்பி அச்சிட முடியவில்லை. மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா வந்திருக்கிறது, ஆனால் அரங்க வாடகையை எடுக்கவே அங்கு சத்தம் போட்டுத்தான் ஆக வேண்டும். சத்தம் போடாத நூல் அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போகிறது.

இப்போது கோத்தகிரியாரின் விதிக்கு வருகிறேன். அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். புகழ்பெற்ற எழுத்தாளரை அது ஒன்றும் செய்யாது. அவர் மூன்றாண்டு காத்திருப்பார். முதல் நாவல் எழுதிய இருபத்தைந்து வயதுக்காரருக்கு மூன்றாண்டு என்பது கொலை. நூலகர் ஐயா சிங்காரத்தைக் குறிப்பிட்டார். தாமதமாகவேனும் நல்ல நூல் நிலைபெற்றுவிடும் என்பதற்கு எல்லாரும் அவரைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். நான் அதே வரலாற்றை வேறு விதமாக வாசிக்கிறேன். அவருடைய 'கடலுக்கு அப்பால்' 1959இலும் 'புயலிலே ஒரு தோணி' 1972இலும் வந்தன. அவர் மறைந்தது 1997இல். இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளில் மூன்றாவது நாவல் வரவில்லை. நூல் பிழைத்துக்கொண்டது என்பதில் நாம் மகிழ்கிறோம். மூன்றாவது நாவலை இழந்த கணக்கை யார் பேரில் எழுதுவது? அந்நாளில் நாலைந்து ஊர்களின் வாசகர் வட்டங்கள் உடனடியாக வாசித்துவிட்டு அவருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

கோத்தகிரி வாசகன்

மெய்ப்புத்திருத்துநரின் வாதத்தில் வலு இருக்கிறது; சிங்காரத்தின் அந்த இருபத்தைந்து ஆண்டுகளை நான் அந்தக் கோணத்தில் எண்ணிப் பார்த்ததில்லை. ஆயினும் விதியைக் கைவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் என் அலுப்புக்குக் காரணமான நாவல்களை எழுதுகிறவர்கள் முதல் நாவல்காரர்கள் அல்லர். எந்த அலை அடிக்கிறது என்று பார்த்து அதற்கேற்பப் பாய் விரிக்கத் தெரிந்தவர்கள்தான் அவர்கள்.

இப்போது பரிசு அலை. 2022இல் கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவலுக்கும் 2025இல் பானு முஷ்தாக்கின் கன்னடக் கதைகளுக்கும் பன்னாட்டு புக்கர் பரிசு கிடைத்தது. நடுவே 2023இல் பெருமாள்முருகனின் 'பூக்குழி' அதன் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. மூன்றுமே மகிழ்ச்சிக்குரியவை, மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கிடைத்த மதிப்பு அதைவிட மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அதற்குப் பிறகு வருகிற சில தமிழ் நாவல்களை வாசிக்கும்போது, ஆசிரியர் என் தோளுக்கு மேலே எட்டி வேறு யாரையோ பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார் என்ற உணர்வு வருகிறது. ஒரு நாவலில் காதுகுத்து நடக்கிறது. தாய்மாமன் மடியில் குழந்தையை உட்காரவைப்பார்கள் என்பதையும் அது ஏன் என்பதையும் ஒன்றரைப் பக்கத்துக்கு விளக்குகிறார். யாருக்கு? கோத்தகிரியில் அதை வாசிக்கிற எனக்கு அந்த மாமன் கொண்டுவந்த தோட்டின் எடையில் எவ்வளவு குறைந்தது, அதைப் பார்த்துச் சம்பந்தி என்ன சொன்னாள் என்பதுதான் வேண்டும். அதைச் சொல்வதற்குள் அத்தியாயம் முடிந்துவிடுகிறது.

செல்வி அவர்கள் சொன்ன மலை நாவலிலும் இதே கோளாறுதான் இருக்கிறது என்று எண்ணுகிறேன். எங்களைப் பற்றியது, ஆனால் எங்களுக்கு எழுதப்பட்டதன்று. அதனால் விதியை இப்படி மாற்றிப் பார்க்கிறேன்: ஏற்கெனவே பெயர் பெற்றவர்களின் நாவல் என்றால் மூன்றாண்டு காத்திருப்போம், முதல் நாவல் என்றால் வந்தவுடனே எடுத்துக்கொள்வோம்.

உதகை இளவேனில்

இந்தத் திருத்தத்தை ஏற்கிறேன், ஐயா, ஒரு நிபந்தனையோடு. முதல் நாவலையும் நாமே அலையாக மாற்றிவிடக் கூடாது. வாசித்து முடித்துக் கூட்டத்தில் பேசும் வரையில் யாரும் அதன் அட்டையைப் படமெடுத்துப் பகிரக் கூடாது. பேசிய பிறகு, பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும், ஆசிரியருக்குக் கடிதம் எழுத வேண்டும். முதல் கடிதத்தை நான் எழுதுகிறேன். எங்கள் விடுதியில் கேட்டுவிட்டேன், நால்வர் வருகிறார்கள். கோத்தகிரியில் கூட்டம் மாலை ஐந்து மணிக்குள் முடிந்தால்தான் நாங்கள் பேருந்தைப் பிடித்து விடுதியின் கதவு மூடுமுன் திரும்ப முடியும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

பண்ணைக்காட்டுக் காப்பித்தோட்டக்காரன்

அட்டையைப் பகிரக் கூடாது என்றால் எங்கள் வட்டத்தில் பாதிப்பேர் வாசிப்பதையே விட்டுவிடுவார்கள். மீதிப் பாதியோடு நடத்திப் பார்க்கிறேன்.

குன்னூர் நூலகர் (ஓய்வு)

அடுத்த கூட்டத்துக்கு 'குறிஞ்சித் தேன்' எடுத்துக்கொள்ளலாம் என்றால் என்னிடம் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று கொஞ்சம் பூஞ்சை கண்டது, தும்மல் உள்ளவர்கள் வாங்க வேண்டாம். ராஜம் கிருஷ்ணனின் நூல்களை அவர் வாழ்ந்த காலத்திலேயே, 2009இல், அரசு நாட்டுடைமையாக்கிவிட்டதால் நகலெடுப்பதற்கும் தடையில்லை. கூட்டத்தை மதியம் இரண்டரைக்குத் தொடங்கினால் உதகைப் பெண்கள் பேருந்தைப் பிடித்துவிடலாம். செல்வி அவர்கள் கூடலூரிலிருந்து வருவது தொலைவு என்றால், கத்தரியைப் பற்றியும் எடைக் கழிவைப் பற்றியும் இங்கே எழுதியதையே இன்னும் விரிவாக எழுதி அனுப்பட்டும். நாவலில் வரும் காலத்து வேலையோடு ஒப்பிட்டுக் கூட்டத்தில் வாசிக்கிறோம். அதற்கடுத்த மாதத்துக்கான முதல் நாவலை மெய்ப்புத்திருத்துநர் பரிந்துரைக்க வேண்டும். அவர் திருத்திய நூலாக மட்டும் அது இருக்கக் கூடாது.